வேர்வை ஒன்று சொன்னது, ரத்தம் ஒன்று சொன்னது

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பதினேழு நிமிடம். என் போனுக்கு வந்த படத்தின் மேல் ஓரத்தில் அந்த நேரம் பதிவாகியிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் பதிமூன்று புள்ளி நான்கு என்ற எண், அதற்குக் கீழே என் மகளின் பெயர்.

நான் அப்போது இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவள் கைகளில் பூசியிருந்த தயிரைக் கழுவிவிட்டு, தலையை இறுக்கிப் பின்னி மைதானத்துக்கு அனுப்பியிருந்தேன். படத்தைத் தொடர்ந்து அவளுடைய பயிற்சியாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: "மேடம், கொஞ்சம் கிரவுண்டுக்கு வாங்க."

"இன்னாவாம்?" என்று கேட்டார் என் கணவர். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரெட்டுல காட்டுதாம்."

"அதுக்கு இருக்கறதே மூணு கலரு. என்னிக்காவது ஒரு நாளு ரெட்டு வரத்தான செய்யும்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

எங்கள் வீடு வில்லியனூரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. மகள் நடுத்தூர ஓட்டக்காரி, பதினோராம் வகுப்பு முடித்திருந்தாள். பயிற்சியாளர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். விடுமுறையிலும் தினமும் ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்து விசில் ஊதுகிறவர். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்து அவருக்கு ஒரு பெட்டி நிறைய பேட்ச் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்திரி மாதிரி முன்கையில் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். அது வேர்வையை உறிஞ்சி அதிலிருக்கும் லாக்டேட்டை அளந்து மாஸ்டரின் போனுக்கு அனுப்பும். உடம்பு தன்னால் முடிகிற அளவுக்கு மேல் உழைக்கும்போது ரத்தத்தில் ஏறுகிற பொருள் அது. எண் குறைவாக இருந்தால் பச்சை, நடுவில் மஞ்சள், அதிகமானால் சிவப்பு.

நான் பாகூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். இருபது வருடமாக மற்றவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்து எண் எழுதிக் கொடுத்து வருகிறேன். எந்த எண்ணையும் ஒரு முறைக்கு இரு முறை பார்க்காமல் எழுதியதில்லை. ஆனால் மகளின் பெயருக்கு மேல் சிவப்பு வட்டத்தைப் பார்த்த நிமிடத்தில், அந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. மகளைத்தான் சந்தேகித்தேன்.

மைதானத்தில் மாஸ்டர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். மகள் எதிர்ப்பக்கம் சுவரோரம் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே ரவுண்டு மேடம். அதுவும் மெதுவா. மூச்சு கூட வாங்கல. ஆனா நம்பர பாருங்க, உயிர விட்டு ஓடனவனுக்கு வர்ற நம்பரு. நேத்தும் இப்படித்தான். மெஷின் கோளாறுனு நெனச்சி நேத்து உங்களுக்கு அனுப்பல."

"மத்த பசங்களுக்கு?"

"எல்லாருக்கும் பச்ச." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு, உடம்புல எதோ இருக்குது. இல்லனா எதோ சாப்புடுது. இப்ப பசங்க பவுடர் அது இதுனு கடையில வாங்கி கலக்கி குடிக்குதுங்க. நீங்க மெடிக்கல் லைன்ல இருக்கறவங்க. நீங்களே பாருங்க."

"செலக்‌ஷன்?"

"சனிக்கிழம மத்தியானத்துக்குள்ள நான் லிஸ்ட் அனுப்பணும். இந்த நம்பர வெச்சிக்கினு அனுப்ப மாட்டன் மேடம். கத்திரி வெயில்ல ட்ராக்ல உழுந்துச்சினா நான் இன்னா பதில் சொல்றது?"

அந்தப் பட்டியலுக்காக அவள் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தாள். மண்டலத் தேர்வுக்குப் பெயர் போனால்தான் விளையாட்டு விடுதியில் இடம் கேட்க முடியும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் குளிக்கப் போனதும், அவள் பையைத் திறந்தேன். துண்டு, தண்ணீர் பாட்டில், நான் கொடுத்து வைத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், அடியில் லேபிள் கிழிந்த ஒரு சின்ன டப்பா. அதற்குள் வெள்ளைப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தேன், முகர்ந்தேன். நாக்கில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் அவள் நின்றிருந்தாள், தலையில் ஈரத் துண்டோடு.

"இன்னாமா தேடற?"

"இது இன்னாடி?"

"தொடை உரசி புண்ணாவுதுனு போடற பவுடரு. நீதான் கொட்டி குடுத்த."

நான்தான் கொடுத்தேன். போன மாதம், முகத்துக்குப் போடும் பவுடர் டின்னிலிருந்து. அப்படியும் என் வாய் நிற்கவில்லை. "வேற எதுனா சாப்புடறியா? யாராவது எதுனா குடுத்தாங்களா? நெஜத்த சொல்லு, நான் திட்ட மாட்டன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வலது கையை நீட்டினாள்.

"ரத்தம் எடுத்து பாரேன். உன் வேலதான அது."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை காலை நானும் மைதானத்துக்குப் போனேன். சந்தேகம் இப்போது மாஸ்டர் மேல் தாவியிருந்தது. எதற்காக ஒரு கல்லூரி சும்மா ஒரு பெட்டி பேட்ச் கொடுக்கிறது? வேறு யாராவது ஒரு பெண்ணின் பெயரை அனுப்ப என் மகளை விலக்கப் பார்க்கிறாரா? அவர் ஒவ்வொருவருக்காகப் பேட்ச் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே பெட்டியில் இருந்து எடுத்தார். ஒரே ஈரத் துணியால் ஒவ்வொரு கையையும் ஒரு தடவை துடைத்தார், ஒட்டினார். என் மகளுக்கும் அப்படியேதான். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காததே அன்று எனக்குக் குறையாகப் பட்டது.

இரண்டு சுற்று ஓடி வந்தாள். சிவப்பு. நான் பையிலிருந்து ஊசியையும் சாம்பல் நிற மூடி போட்ட குழாயையும் எடுத்தேன். சர்க்கரை பார்க்க நாங்கள் தினமும் பயன்படுத்தும் குழாய்தான், லாக்டேட்டுக்கும் அதுவே. கையை இறுக்கிக் கட்டி வைத்தால் எண் தானாக ஏறும் என்பதால் கட்டாமலேயே நரம்பைத் தேடினேன். விரல்களை இறுக்கி மடக்காதே என்று சொன்னேன். அவள் மடக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசிக்குப் பயந்து அல்ல.

குழாயை ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வைத்து, அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு மருத்துவக் கல்லூரி லேபுக்கு வண்டியை விரட்டினேன். அங்கே வேலை செய்கிறவள் என்னோடு டிப்ளமோ படித்தவள்.

"இன்னாடி, கல்யாண வூட்டுக்கு ஐஸ்கிரீம் கொண்டார மாதிரி கொண்டாந்துருக்க?"

"என் பொண்ணோடது."

அதற்கு மேல் அவள் கிண்டல் செய்யவில்லை. முக்கால் மணி நேரத்தில் காகிதத்தை நீட்டினாள். இரண்டு புள்ளி மூன்று. மெதுவாக ஓடிய யாருக்கும் வருகிற எண்.

"கையில எடுத்துருக்க, ஓடனது காலு. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதுக்காக ரெண்டு பதிமூணு ஆவாது," என்றாள். "ஆமா, ரத்தத்துல இருக்கறதுதான் வேர்வைல வரும்னு யார்டி சொன்னது? வேர்வை சுரப்பியே அத உண்டாக்கும். கம்மியா வேர்த்தா கெட்டியா வரும், ஊத்தனா நீர்த்து போவும். அத வெச்சி ரத்தத்த எப்படி கணக்கு போடறானுங்க?"

எனக்கு அழுகை வந்தது. மகள் உடம்பில் ஒன்றும் இல்லை. அவள் எதையும் சாப்பிடவில்லை. அவள் சொன்னது உண்மை.

அன்று மாலையே மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க பொண்ணு. ரத்தம் எடுத்தது நீங்க. ரிசல்ட் குடுத்தது உங்க ஃப்ரெண்டு."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. காலையில் நான் அவரைப் பார்த்த பார்வையை அவர் அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் பொய் ரிசல்ட் கொண்டாருவன்னு நெனக்கறீங்களா சார்?"

"நான் அப்படி சொல்லல. மெஷினுக்கு அம்மா அப்பா கிடையாது, அதான் சொல்றன்." உள்ளே போய் மூன்று பேட்ச் எடுத்துவந்து என் கையில் வைத்தார். "ஆப் உங்க போன்ல போட்டு தர்றன். நீங்களே ஒட்டி பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

வியாழக்கிழமை மகளுக்கு மைதானம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஐந்து மணிக்கு எழுந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள். ஆற்றங்கரைப் பக்கம் தனியாக ஓடப்போவதாக, வேலையிலிருந்த அவள் அப்பாவிடம் போனில்தான் சொன்னாள். நான் அன்றும் கிண்ணத்தில் தயிரும் கடலை மாவும் கலக்கி எடுத்து வந்தேன். அவள் கைகளை நீட்டினாள். பேச்சு நின்றுபோன அந்த நாட்களில் எங்களுக்குள் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை பூசி, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் கழுவிவிட்டேன். சோப்புப் போட்டால் குளிர்ச்சி போய்விடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அவள் போனதும் நான் என் இரண்டு முன்கைகளிலும் கைக்கொன்றாகப் பேட்ச்சை ஒட்டிக்கொண்டேன். மாஸ்டர் செய்வது போலவே ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான். மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கத் தொடங்கினேன். ஏழு மணிக்கே வெயில் சுட்டது. நாற்பத்தேழு வயது உடம்பு, பத்து நிமிடத்தில் வேர்த்து ஊற்றியது. என் கணவர் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து படியடியில் நின்றார்.

"நீயும் செலக்‌ஷனுக்கு போறியா?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

போனைப் பார்த்தேன். இடது கை பச்சை, மூன்று புள்ளி ஒன்பது. வலது கை சிவப்பு, பதினொன்று. 

ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே படிக்கட்டு. "பாருங்க, பாருங்க இத!" என்று அவரிடம் போனை நீட்டினேன். வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. குப்பை, சுத்தக் குப்பை, இதை நம்பி ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தை அழிக்கப் பார்த்தார்கள். இப்போதே போய் மாஸ்டர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும் என்று வேகமாக இறங்கினேன். முகத்து வேர்வையை வலது கையால் துடைத்தேன். புளித்த வாடை வந்தது.

கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வலது கையால்தான் நான் தயிர் பூசுவேன். கிண்ணத்தைச் சாய்க்கும்போது மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழியும். என் கையையும் தண்ணீரில் அலசினதோடு சரி. பால் தயிராவது எதனால் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பாலிலுள்ள சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதால். பேட்ச் தேடுவதும் அதையேதான். நான் மகளின் கையில் ஒவ்வொரு நாளும் லாக்டேட்டைப் பூசி, சோப்புப் போடாமல் கழுவி, அளக்க அனுப்பியிருக்கிறேன்.

எப்போது ஆரம்பித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்திருந்தாள். "இன்னா இப்படி கருத்து போயிருக்குது பொண்ணு, வெயில்ல ஓட உட்டு வேர்க்குரு வேற," என்றாள். திங்கட்கிழமை விடியற்காலையில் கிண்ணத்தை எடுத்தேன். திங்கட்கிழமைதான் முதல் சிவப்பு.

மகளின் பையைச் சந்தேகித்தேன், மாஸ்டரின் ஈரத் துணியைச் சந்தேகித்தேன், கல்லூரியைச் சந்தேகித்தேன். என் அடுப்படியைப் பற்றி ஒரு கேள்விகூட எனக்குள் எழவில்லை. ஒரு நோயாளியின் எண் இப்படி ஏறியிருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பேன்? "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, கையில எதுனா தடவனியா?" இருபது வருடமாகக் கேட்கிற கேள்விகள்.

வலது கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, மூன்றாவது பேட்ச்சை ஒட்டிக்கொண்டு மறுபடி படி ஏறினேன். வலது கை ஆறு, மஞ்சள். இடது கை இப்போது நான்கே முக்கால். தயிர் போன பிறகும் இரண்டு கைகளும் ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன். முழுப் பழியையும் தயிரின் மேல் போட்டுவிட்டால் எனக்கும் மாஸ்டருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் காகிதம் அப்படிச் சொல்லவில்லை.

மகள் திரும்பி வந்தபோது நான் இன்னும் அதே படியில்தான் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வலது கையை நீட்டி, முதல் பேட்ச்சின் எண்ணைக் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"என் பைய தேடன இல்ல? உன் கிண்ணத்த தேடனியா?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பவுடர நாக்குல வெக்க போனியே மா," என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். "நான் பாக்கலனா தின்னுருப்ப."

அவள் அப்பா உள்ளிருந்து, "மோர்க்குழம்பு வெக்க வேண்டிய தயிருடி அதெல்லாம்," என்றார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு மைதானத்துக்குப் போனோம். அதே இரண்டு சுற்று, மெதுவாக. பேட்ச் மஞ்சள் காட்டியது. மாஸ்டரிடம் தயிர்க் கதையைச் சொல்லி, என் காகிதத்தைக் கொடுத்தேன். அவமானமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்ப தயிருதான். மெஷின் சரியாத்தான் காட்டியிருக்குது."

"இல்ல சார். தயிர் இல்லாத என்னோட ரெண்டு கைக்கும் ரெண்டு நம்பரு. உங்க கையில ஒட்டி பாருங்க, இடது வலது. எது சரினு எத வெச்சி சொல்வீங்க? ரத்தத்தோட வெச்சி பாத்தீங்களா, ஒரு தடவையாவது?"

அவர் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். எட்டுப் பேர் கையிலும் பேட்ச் இருந்தது.

"நானும் ஓடனவன்தான் மேடம்," என்றார் கடைசியில். "எங்க காலத்துல மூஞ்சிய பாத்துதான் நிறுத்துவாங்க. அது தப்பாயிடும்னுதான் இத நம்பனன். பேட்ச் குடுத்த காலேஜ் மேடத்த கேட்டுட்டு சொல்றன்."

"லிஸ்ட்?"

"கேட்டுட்டு சொல்றன்."

சனிக்கிழமை காலை முழுவதும் போன் ஒலிக்கவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. அனுப்பியிருக்க மாட்டார் என்று ஒரு நிமிடம் தோன்றும். அனுப்பியிருந்தாலும் தயவுக்காக அனுப்பியிருப்பார், நாளைக்கே இன்னொரு சிவப்பு வந்தால் எடுத்துவிடுவார் என்று அடுத்த நிமிடம் தோன்றும். கல்லூரிக்காரர்கள் தங்கள் பொருளை விட்டுக்கொடுப்பார்களா? மகள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ஷூவின் நாடாவைக் கோத்தாள், அவிழ்த்தாள், திரும்பக் கோத்தாள். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. அவள் ஷூவை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனாள்.

பன்னிரண்டே காலுக்கு வாசலில் வண்டிச் சத்தம். மாஸ்டர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. மகள் அறையிலிருந்து வந்து என் பின்னால் நின்றாள்.

"பேர் அனுப்பிட்டன்," என்றார், அவளைப் பார்த்து. "உன் டைமிங்க வெச்சி அனுப்பனன். நம்பர வெச்சி இல்ல."

என் தோளை ஒரு கை பிடித்தது. மகளின் கைதான். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

"காலேஜ் மேடத்த கேட்டன். ஏசி ரூம்ல சைக்கிள் மிதிக்க உட்டுத்தான் டெஸ்ட் பண்ணாங்களாம். இந்த வெயில்ல, இந்த மண்ணுல ஓடறவங்களுக்கு எப்படி காட்டும்னு பாக்கத்தான் எங்கிட்ட குடுத்தாங்களாம். 'நம்பர எழுதி வெக்கத்தான சார் சொன்னோம், அத வெச்சி ஆள எடுக்கவோ நிறுத்தவோ சொல்லலியே'ன்றாங்க. நெஜந்தான். நாந்தான் மேடம் அத வெச்சி ஆள பிரிச்சன்." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "பொங்கல் கழிச்சி கரியமாணிக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சி. ரெண்டு பஸ் மாறி வரும். மூணு நாளு தொடர்ந்து ரெட்டு. உனக்கு உடம்பு ஒத்துக்காது, வேணாம்னு அனுப்பிட்டன். எதனா பூசிக்கினு வந்துச்சோ, ஒண்ணுமே இல்லியோ, நான் கேக்கவே இல்ல. இப்ப அது ஓடறதே இல்லியாம், நாத்து நட போவுதாம். அவங்க வூட்டுக்கு போவணும். தனியா போனா எனக்கு பேச்சு வராது. நீங்க கூட வர்றீங்களா மேடம்?"